நூலக்காவின் இருபத்திரண்டு

தையற்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தைப்பதற்காகப் பாதி, ஒல்லியாக இருப்பதற்காகப் பாதி. ஐம்பதைத் தொடப்போகிற வயதிலும் கல்யாணத்தன்று இருந்த அதே ஐம்பத்தைந்து கிலோதான். இதை அவள் தானாக யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் அளவு கொடுக்க வந்த பெண் எவளும் அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பியதும் கிடையாது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, போன தடவையைவிட ஒரு இஞ்ச் ஏறியிருக்கிறதே என்று மெல்ல இழுப்பாள். வந்தவளின் முகம் தொங்கிப்போகும். நீங்கள் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டே ஆகவேண்டும். கேட்டதும் நூலக்கா வெட்டு மேசைக்கு அடியிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் காலால் இழுத்து, ஏறி நின்று காட்டுவாள். வாய் மட்டும், எல்லாம் உடம்பு வாகு என்று அடக்கமாகச் சொல்லும்.

உடம்பு வாகும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மதியச் சாப்பாட்டை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. எழுந்தால் வேலை நின்றுபோகும் என்று, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் பிஸ்கட்டுமாகப் பகலை ஓட்டிவிடுவாள். காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் விளக்குப் போடும் நேரம்வரை உட்கார்ந்தபடிதான். கையும் காலும் குச்சி. நடுவில் வயிறு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டிருந்தது. ஊர் இடுப்பையெல்லாம் அளந்தவள் தன் இடுப்பை அளந்ததில்லை. தனக்குத் தைத்துக்கொள்கிற உடுப்புக்கெல்லாம் இடுப்பில் எலாஸ்டிக்தான். அது இழுத்த இழுப்புக்கு வரும், யாரையும் காட்டிக்கொடுக்காது. மெஷின் முள் ஐம்பத்தைந்தில் நின்றால் அவளுக்கு உலகம் சரியாக இருந்தது.

சரியாக இல்லாதது ஒன்றே ஒன்று. அது மாடியில் குடியிருந்தது.

அவளுடைய தம்பி அவளுக்குப் பத்து வயது இளையவன், எலெக்ட்ரீஷியன். சின்ன வயதில் அம்மா ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவாள், அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு முதல் கால்சட்டை தைத்துப் போட்டது, கரண்ட் வேலை பழக அனுப்பியது எல்லாம் இவள். நூலக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் தூரதூரமாக லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட ஃபோனில் இருக்கும் நாள் அதிகம். ஆக அவளுக்குத் தம்பியும் அவன்தான், பிள்ளையும் அவன்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் டீயில் பாதியைப் பிடுங்கிக் குடித்து, அன்று எந்த வீட்டில் எவன் எந்த ஒயரைத் தொட்டுத் துள்ளினான் என்று கதை சொல்வான். அந்த நேரத்துக்காகத்தான் அவள் பகல் முழுக்கத் தைத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நாள் வேறு மாதிரிக் கதையோடு வந்தான். காலி செய்கிற வீடு ஒன்றில் ஃபேன்களைக் கழற்றப் போயிருக்கிறான். வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனி ஆட்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், முதுகில் பட்டையைப் போட்டு ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாகச் சுமந்து மூன்று மாடி இறங்கினாளாம். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை என்று சொல்லும்போது இவனுக்கு மூச்சு வாங்கியது. நூலக்காவின் கால் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. கதை முடிந்தது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பெண், படிக்கட்டு வழியை அடைத்துக்கொண்டு நின்ற பழைய பீரோவைத் தோள் கொடுத்து நகர்த்தி ஓரமாக வைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. நூலக்கா மனசுக்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: பீரோ. நல்ல உயரம், அகலமான தோள், ஒவ்வொரு கையும் நூலக்காவின் தொடைப் பருமன். தட்டு நிறையச் சாப்பிடுவாள், கேட்டு வாங்கி மறுபடியும் சாப்பிடுவாள், துளி வெட்கம் கிடையாது. வந்த புதிதில் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாள். "எனக்கு ஒரே ஒரு தம்பிதான். நீ அண்ணின்னு கூப்பிடு" என்று நூலக்கா அந்தச் சொல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பீரோ தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து அண்ணி என்றே கூப்பிட்டாள். கோபித்துக்கொண்டிருந்தாலாவது நூலக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் சாயங்காலங்கள் மாறிப்போயின. தம்பியின் செருப்புச் சத்தம் கடை வாசல்வரை வரும், நிற்காது, படியேறிப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கூரை வழியாக இறங்கும். அப்படி என்னதான் சிரிப்பு இருக்கிறது மனுஷனுக்கு? நூலக்கா மெஷினை வேகமாக மிதிப்பாள். தெருவில் யார் வீட்டிலாவது கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமென்றால் பீரோவைக் கூப்பிட்டார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டால் பீரோவைக் கூப்பிட்டார்கள். நூலக்காவுக்கு வயிறு எரிந்தது. அடுப்பே இல்லாமல் வெந்துகொண்டிருந்தாள். அவளிடம் பீரோவைவிட மேலாக இருந்தது அந்த ஐம்பத்தைந்து கிலோ ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, பீரோ கடைப்பக்கம் வரும்போதெல்லாம் எடை மெஷின் மேசைக்கு வெளியே வந்துவிடும்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வீட்டு வம்பு, அவ்வளவுதான். ஆனால் தம்பிக்குக் கால் வீங்கியது. முதுகுவலிக்கென்று வருஷக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறான், ரத்த அழுத்தத்தையும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் கைவிட்டிருந்தன. வாரத்தில் சில நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைத்தார்கள். போகும்போது நடந்து போவான், வரும்போது தாங்கிக்கொண்டு வருவார்கள். சொந்தத்தில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால்தான் நல்லது, சீக்கிரம் கொடுத்தால் இன்னும் நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நூலக்காவும் பீரோவும் ஒரே நேரத்தில் நான் தருகிறேன் என்றார்கள். பீரோவின் குரல் ஒரு மயிரிழை முந்தியது போலிருந்தது நூலக்காவுக்கு. அதற்கும் எரிந்தது.

இரண்டு பேருடைய ரத்த வகையும் பொருந்தியது. தானம் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கும் அறைக்குப் போனார்கள். சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய அட்டை. நர்ஸ் இருவரையும் நிறுத்தி உயரம் பார்த்தாள், எடை பார்த்தாள். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும், அதற்குப் பெயர் பிஎம்ஐ என்றாள். நூலக்காவுக்கு இருபத்திரண்டு வந்தது, பச்சை. பீரோவுக்கு முப்பத்தொன்று வந்தது, சிவப்பு. இந்த ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டைத் தாண்டினால் எடுப்பதில்லை, ஒன்பது கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னாள் நர்ஸ். அவள் குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. தினமும் சொல்கிற வார்த்தை. ஆனால் ஃப்ரிட்ஜைச் சுமக்கிற அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நூலக்கா அதைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பீரோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏன் கவலைப்படற? அதான் நான் இருக்கேன்ல" என்றாள். இவ்வளவு இனிப்பாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பரப்பியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. இருபத்திரண்டு என்ற எண்ணைக் காதில் வாங்காத வீடு இல்லை. அக்கா என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். லாரிக்காரப் புருஷன் மட்டும் ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ அவனுக்குக் குடுக்கறியா, இல்ல அவகிட்டேர்ந்து பிடுங்கறியா?" என்று கேட்டார். நூலக்கா ஃபோனை வைத்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்.

தம்பி தன்னிடமே திரும்பி வந்துவிட்டான் என்றுதான் அவளுக்கு இருந்தது. தன் உடம்பில் ஒரு துண்டு அவனுக்குள் உயிரோடு இருக்கும். மாடியில் எவள் எவ்வளவு சிரித்தாலும் அதை எடுத்துப் போட முடியாது. இந்த நினைப்பு வந்ததும் ஊசி குத்திய விரல்கூட அவளுக்கு வலிக்கவில்லை.

மற்றப் பரிசோதனைகளும் முடிந்து, முடிவு சொல்ல அவளை மட்டும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நர்ஸ் இல்லை, டாக்டரம்மா. காகிதங்களைப் புரட்டிப் பார்த்தவர், எழுந்து வந்து ஒரு டேப்பை எடுத்து நூலக்காவின் வயிற்றைச் சுற்றி வைத்தார். டேப்பில் எண்ணைப் படிக்க நூலக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பத்தைந்து இஞ்ச். அவள் டேப்பைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், டேப் சரியாகத்தான் வைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு சுகர் இருக்கும்மா. புதுசா வந்த மாதிரியும் தெரியல" என்றார் டாக்டர்.

"எனக்கு இருபத்திரண்டு டாக்டர். பச்சை" என்றாள் நூலக்கா.

டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்தக் கணக்கு தப்பில்லை. நிறையப் பேரை வரிசையில் நிறுத்தி யார் யாரை முதலில் கவனிக்கவேண்டும் என்று மேலோட்டமாகப் பார்க்க உதவும். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் எடையும் உயரமும்தான். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கைகாலில் தசை கரைந்துகொண்டே போய், வயிற்றுக்குள் கொழுப்பு ஏறிக்கொண்டே வந்தால் மொத்த எடை அப்படியே நிற்கும். இப்படி ஒல்லியாக இருந்துகொண்டே சுகரோடு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார். சாப்பாட்டை விடக்கூடாது, நடக்கவேண்டும், தசையைத் திரும்ப ஏற்றவேண்டும், மாத்திரையை இன்றே தொடங்கவேண்டும் என்றார். நூலக்கா அதிலெல்லாம் இல்லை. தம்பிக்கு எப்போது ஆபரேஷன் என்று கேட்டாள்.

"உங்க ரெண்டு கிட்னியும் உங்களுக்கே வேணும். ஒண்ணை எடுத்தா நாளைக்கு நீங்களும் அவர் பக்கத்துல படுக்க வேண்டி வரும். நான் எடுக்க மாட்டேன்."

நூலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் வேறொரு காகிதத்தை எடுத்தார். தம்பியின் மனைவியை எண்ணைப் பார்த்ததோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்களே, அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சாமான் தூக்குகிற வேலை என்று நூலக்கா முணுமுணுத்தாள். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்த இருபத்தெட்டு என்பது முதல் சல்லடைதான், பாரம் தூக்கும் உடம்பில் தசையே அத்தனை எடை இருக்கலாம், சுகர், அழுத்தம், இடுப்பு எல்லாம் பார்க்காமல் தான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, உடனே வரச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்தார்.

"நானே சொல்லிடறேன் டாக்டர். ஒரே வீடுதானே" என்றாள் நூலக்கா.

அப்போது அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாடியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தான், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். படியில் வைத்த காலை நூலக்கா எடுத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளை வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. இன்னும் சில டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவைத்தாள். மாத்திரை அட்டையைத் துணி அலமாரியில் தள்ளிவிட்டாள். அதை ஒன்று பிரித்தாலும் தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிடவேண்டும் என்று எழுவாள். சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மலைக்குத் தேறாமல் என்ன, எல்லாம் தேறும். கட்டிலைப் பங்கு போட்டாள், சாயங்காலத்தைப் பிடுங்கிக்கொண்டாள், இனி அவன் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் அக்காவுக்கு என்று அவனிடத்தில் என்ன மிச்சம் இருக்கும்? இதை நினைத்ததும் வாய் கட்டிப்போகும். தம்பி செத்துப்போகட்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவனைக் காப்பாற்றுவது தானாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். இரண்டும் ஒன்றில்தான் போய் முடிகிறது என்பதை மட்டும் நினைக்காமல் தள்ளிவைத்தாள்.

ஒரு நாள் தம்பியே மெல்லப் படியிறங்கிக் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரவே அவனுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முகம் மண் நிறத்தில் இருந்தது. டீ வேண்டாம் என்றான். தண்ணீரே அளந்துதான் குடிக்கவேண்டும். "உன் டெஸ்டெல்லாம் எப்பக்கா முடியும்? அவசரம் ஒண்ணும் இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றான். வந்துவிடும் என்றாள் நூலக்கா. அவன் போன பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தாள். கையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிவைத்துத் தைத்திருந்தாள். பிரிக்கப் பொறுமையில்லாமல் மூலையில் எறிந்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் பீரோ பட்டினி கிடந்தாள். ஒன்பது கிலோ என்று நர்ஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் கிடையாது, மதியம் வேகவைத்த காய்கறி, இரவுக்கு மோர் என்று இருந்தாள். அதோடு வேலைக்கும் போனாள். ஒரு நாள் கம்பெனி பேண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துக்கொடுங்கள் என்றாள். முகம் ஒட்டிப்போயிருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். நாலு கிலோ குறைந்துவிட்டதாம்.

நூலக்கா டேப்பை எடுத்தாள். தொடையில் குறைந்திருந்தது, கையில் குறைந்திருந்தது. முழங்கைக்கு மேலே அந்தப் பெரிய தசை தளர்ந்து போயிருந்தது. கடைசியாக இடுப்பில் வைத்தாள். முப்பத்துநாலு. இவ்வளவு பெரிய உடம்பில், தன் இடுப்பைவிட ஒரு இஞ்ச் குறைவு. இடுப்பிலும் தோற்றாயிற்று என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, மனசு அப்படி.

பீரோ தானாகவே பேசிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் கம்பெனியில் அவளை ஃப்ரிட்ஜ் பக்கம் விடுவதில்லையாம், போன வாரம் படியில் கால் நடுங்கி ஒரு அலமாரியைக் கீழே வைத்துவிட்டாளாம், இப்போது நாற்காலியும் தலையணையும்தான் தூக்கத் தருகிறார்களாம். பசங்க சிரிக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் அஞ்சு கிலோ அண்ணி. உங்களுக்கு முடியலைன்னா உடனே நான் தயாரா இருக்கணும். நீங்க எப்படி இப்படி இருக்கீங்க? எனக்கும் சொல்லித் தாங்க. உங்கள மாதிரி ஆயிட்டேன்னா போதும்."

நூலக்கா பிடித்திருந்த டேப் இன்னும் பீரோவின் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தது. தன்னைப் போல ஆகவேண்டுமாம். ஒருவர் தன்னைப் பார்த்து இப்படி ஏங்கவேண்டும் என்றுதான் எத்தனையோ வருஷம் மேசைக்கு அடியில் மெஷினை வைத்திருந்தாள். அதிலும் இவள் ஏங்கவேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டிருப்பாள். இப்போது வந்துவிட்டது, கையில் வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

"என்ன மாதிரி ஆகாத" என்றாள். "எனக்கு சுகர். என்னால குடுக்க முடியாது. நீ குறைக்கவே வேண்டாம், அப்படியே வான்னு டாக்டர் சொன்னாங்க. அந்த நம்பரை வெச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டாங்களாம்."

பீரோ அவள் பக்கம் திரும்பினாள். "எப்ப சொன்னாங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. "போன மாசமே சொல்லிட்டாங்க" என்றாள் நூலக்கா.

பீரோ அடித்திருந்தால் நூலக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கையால் ஒரு அடி விழுந்தால் சுவரோடு போயிருப்பாள், அதுவும் நியாயம்தான். பீரோ டேப்பைத் தன் இடுப்பிலிருந்து தானே கழற்றி மேசையில் வைத்தாள். பேண்டைக்கூட எடுக்காமல் படியேறிப் போனாள். அன்று இரவு மாடியில் சிரிப்புச் சத்தமும் இல்லை, சண்டைச் சத்தமும் இல்லை. நூலக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே பீரோ ஆஸ்பத்திரிக்குப் போனாள். பட்டினி கிடந்ததற்கு டாக்டரம்மாவிடம் நல்ல டோஸ் வாங்கினாள். எடை கொஞ்சம் குறைவாக இருந்தால் பிற்காலத்துக்கு நல்லதுதான், அதைப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே மெல்லப் பார்த்துக்கொள்ளலாம், இப்படித் தசையைக் கரைக்கக்கூடாது என்றாராம். சுகர் இல்லை, அழுத்தம் இல்லை, கிட்னி இரண்டும் கல்லுப்போல இருந்தன. நூலக்கா நினைத்தபடியே எல்லாம் தேறியது. ஆபரேஷன் நடந்து, புதுக் கிட்னி அன்றே வேலை செய்யத் தொடங்கியது என்று சொன்னபோது நூலக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகையில் பாதி சந்தோஷம். மீதிப் பாதி என்ன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து தனியாக வைத்திருந்த கண்ணாடி அறையிலிருந்து தம்பியை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள். முகத்தில் மண் நிறம் போய்விட்டிருந்தது. பீரோ பக்கத்து நாற்காலியில் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் உனக்கு முடியாதுன்னு சொன்ன அன்னைக்கே நீ ஓடி வந்து இவகிட்ட சொன்னியாமே. நீயே டெஸ்டுக்கும் அனுப்பி வெச்சியாம். இல்லன்னா இன்னும் மாசக்கணக்கா இழுத்திருக்கும்னு சொன்னா."

நூலக்கா பீரோவைப் பார்த்தாள். பீரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்னியைக் கொடுத்ததைக்கூட நூலக்கா காலப்போக்கில் பொறுத்துக்கொண்டிருப்பாள். இதை எப்படிப் பொறுப்பது? தன் அழுக்கையும் சேர்த்து முதுகில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாளே. இதிலுமா நீயே ஜெயிக்கவேண்டும் என்று நெஞ்சு எரிந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும், தம்பி ஆயுசுக்கும் அக்காவைக் கொண்டாடுவான். கொண்டாடட்டும், ஆனால் அது அவள் போட்ட பிச்சையாக இருக்கும்.

"அன்னைக்கே சொல்லலடா" என்றாள். "ஒரு மாசம் வாய மூடிட்டு இருந்தேன். நீ கடைக்கு வந்து கேட்டப்பவும் தெரியும் எனக்கு."

"ஏன்?"

"பொறாமை. வேற என்ன."

தம்பி கையை விட்டுவிட்டான். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பீரோ, போங்கள் அண்ணி, நாளைக்கு வாங்கள் என்று மெல்லச் சொன்னாள். அன்று நூலக்கா கடையைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நர்ஸ் மாத்திரைகளை வரிசையாக எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தான். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நூலக்கா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டேயிருந்தாள். போ என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். கடைசி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அவன் கேட்டான்:

"சுகருக்குக் குடுத்த மாத்திரைய போடுறியா?"

"போடல" என்றாள் நூலக்கா. "ஒண்ணுகூட இன்னும் போடல."

"காலைல சாப்பிட்டியா?"

"இல்ல."

அவன் இப்போதுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "கீழ கேன்டீன் இருக்கு. போய் உக்காந்து முழுசா சாப்பிடு. மாத்திரைய வாங்கிப் போட்டுட்டு மேல வா. உன்கிட்ட எனக்கு நிறைய கேக்க வேண்டியிருக்கு. அதுக்கு நீ இருக்கணும்."

நூலக்கா கதவை நோக்கி நடந்தாள். தலையணையை அணைத்தபடி பீரோவும் எழுந்து, தனக்கும் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் வந்தாள். பீரோவால் வேகமாக நடக்க முடியவில்லை. நூலக்காவுக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, அவள் வந்து சேரும்வரை நின்றாள்.